பதினாலு மீட்டர் ஆழம்

ஆவக்காய் போடுகிற வாரத்தில் எங்கள் வீட்டில் யாரும் குரலை உயர்த்துவதில்லை. ஜாடிக்குப் பக்கத்தில் நின்று கோபப்பட்டால் ஊறுகாய் பூசணம் பூத்துவிடும் என்பது என் மனைவி மங்கதாயாருவின் நம்பிக்கை. எனக்கு அப்படி எதுவும் இல்லை. ஆனால் அந்த ஒரு வாரத்து அமைதி பிடிக்கும். இது நடந்தது அந்த வாரத்தில்தான். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்ரத்தின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இருக்கவில்லை. அதற்கு முந்தின நாள்கூட அவன் எங்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து தன் அக்கா மங்கதாயாருவுக்கு மாங்காய் வெட்டிக் கொடுத்தான். நீங்கள் பகை, பங்காளிச் சண்டை என்று ஏதாவது தேடிக்கொண்டிருந்தால் அதை விட்டுவிடலாம்.

வக்கீல் வேண்டாம் என்று சொன்னது நான்தான். மறைக்க என்னிடம் எதுவும் இல்லை. புரிந்துகொள்ளும் ஆள் எதிரில் இருந்தால் போதும் என்று நினைத்தேன். நீங்கள் படித்தவராகத் தெரிகிறீர்கள்.

என் பெயர் கடலி பானுமூர்த்தி. ஆற்றுக்கு அடியில் எரிவாயுக் குழாய் போடுவது என் தொழில். ஒரு கரையில் எந்திரத்தை நிறுத்தி, இரும்பு ராடுகளை ஒன்றோடொன்று முறுக்கி, சாய்வாக மண்ணுக்குள் செலுத்துவோம். நுனி ஆற்றுப் படுகைக்குக் கீழே வளைந்து போய் அக்கரையில் தலைகாட்டும். பிறகு துளையை அகலமாக்கி, அந்த வழியே குழாயை இழுத்துக்கொள்வோம். மேலே மீன் பிடிக்கிறவனுக்கு எதுவும் தெரியாது.

களிமண்ணிலும் பாறையிலும் இதை யாரும் செய்துவிடலாம். கோதாவரி மணலில் முடியாது என்பதுதான் எல்லோருடைய பேச்சும். சர்க்கரை மூட்டையில் குச்சியைச் செருகி எடுத்தால் ஓட்டை நிற்குமா? அதுபோலத்தான். மணல் சரிந்து ராடைக் கவ்விக்கொள்ளும். நான் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். பெண்டோனைட் களிமண்ணைக் கெட்டியாகக் கரைத்து, வழக்கத்தைவிட அதிக அழுத்தத்தில் விடாமல் பம்ப் செய்தால், அந்தக் குழம்பே துளைக்குச் சுவராக நிற்கும். ஒரு நிபந்தனைதான். பம்ப் நிற்கக்கூடாது. நின்றால் எல்லாம் போயிற்று.

இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்பீர்கள். பழைய குழாய் எப்படிப் போடப்பட்டது என்று உங்களுக்குத் தெரியுமா? கோடையில் ஆற்றுக்குக் குறுக்கே வாய்க்கால் வெட்டி, குழாயைப் படுக்கவைத்து மணலை மூடிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ஆறு அந்த மணலை வழித்துக்கொண்டு போனது. ஒரு வருடம் குழாய் விரிசல் விட்டது. வாயு தரையோடு தரையாக ஊர்ந்து ஜக்கம்பாலெத்துக்குள் போனது. விடிகாலையில் ஒரு பெண் பால் காய்ச்ச அடுப்பைப் பற்றவைத்தாள்.

நீங்கள் அங்கே போனீர்களா? நான் போனேன். தென்னை மரங்கள் உச்சியிலிருந்து எரிந்துகொண்டிருந்தன. ஒரு வீட்டில் கட்டிலோடு ஒட்டிப்போன ஒரு கிழவரை நானும் இன்னொருவரும் கட்டிலோடேயே தூக்கி வந்தோம். அவரைப் பிரிக்க முடியவில்லை. அன்று அந்தக் கரையில் நின்று முடிவு செய்தேன். இந்த ஆற்றில் குழாய் இனி வெள்ளம் தொட முடியாத ஆழத்தில்தான் போகும். படுகைக்குக் கீழே பதினாலு மீட்டர். அதற்குக் குறையாமல்.

இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதுவது சுலபம்.

செல்லுபோயின வீரபத்ரம் என் மனைவியின் தம்பி. பத்ரம் என்று கூப்பிடுவோம். கடைக்குட்டி. மங்கதாயாரு இடுப்பில் வைத்து வளர்த்த பிள்ளை. உருப்படியாக எதிலும் நிலைக்கவில்லை. சங்கராந்திப் பந்தயத்துக்குச் சேவல் வளர்ப்பான். சேவலுக்குப் பாதாம் பருப்பு ஊட்டிவிட்டு இவன் பழைய சோறு சாப்பிடுவான். நான்தான் அவனைக் கூட்டி வந்து வேலை கற்றுக்கொடுத்தேன். ராடின் நுனியில் ஒரு சிறு கருவி இருக்கும். அது அனுப்பும் சைகையைப் பிடிக்கும் இன்னொரு கருவியை மார்பில் மாட்டிக்கொண்டு, நுனிக்கு நேர் மேலே நடந்து, ஆழம் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். பத்ரத்தின் வேலை அது. நன்றாகவே செய்தான்.

வேலையிடத்தில் என்னை சார் என்று கூப்பிடச் சொன்னேன். கேட்கமாட்டான். அக்கா புருஷன் என்ற உரிமையில் பாவா என்றுதான் கூப்பிடுவான். "சார்னு கூப்ட்டா அப்புறம் அக்கா எனக்கும் உனக்கும் ஒரே மாதிரி மீன் வெப்பா பாவா. இப்ப எனக்குத்தான் நடுத்துண்டு" என்பான். மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். என்னைக் காட்டி, "எங்க பாவா பூமிக்கு ஊசி போடுற டாக்டர். நான் பக்கத்துல நின்னு எங்க வலிக்குதுன்னு பாக்குற நர்சு" என்று பெரிய அதிகாரிகளிடம்கூடச் சொல்லியிருக்கிறான். பயம் தெரியாதவன். என்னிடம் மட்டும் ஒரு மரியாதை இருந்தது. நான் சொன்னால் திருப்பிக் கேட்கமாட்டான்.

கோதாவரியின் கிளையான வைனதேய ஆற்றில் என் முறையைச் சோதித்துப் பார்க்க நிர்வாகம் ஒப்புக்கொண்டது. நிஜக் குழாய் இல்லை. ஒரு சோதனைத் துளை மட்டும். அது அக்கரையில் வெளிப்பட்டு, நடு ஆற்றிலும் கேட்ட ஆழத்தில் இருந்தால் பிறகு குழாய். முதல் இரண்டு முயற்சியிலும் மணல் ராடைப் பிடித்துக்கொண்டது. வெட்டி விட்டுவிட்டு வந்தோம். அந்த இரும்பு இன்னும் ஆற்றுக்கு அடியில்தான் கிடக்கிறது. மூன்றாவது தடவைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று பேர் நேரில் பார்க்க வந்தார்கள். அவர்களில் ஒருவர் பந்தலில் உட்கார்ந்து இளநீர் குடித்தபடி, "மூர்த்தி காரு, இதுவும் சிக்கிச்சுன்னா விட்டுடலாம். பழையபடி வாய்க்கால் வெட்டிப் போட்டுக்கலாம். அதுல என்ன தப்பு?" என்றார்.

அதில் என்ன தப்பு. ஜக்கம்பாலெத்தின் பெயரை அவர் கேள்விப்பட்டிருந்தாரா என்றே எனக்குச் சந்தேகம்.

மத்தியானத்துக்குள் அவர்கள் கிளம்ப வேண்டும் என்றார்கள். விமானம். நுனி அப்போது ஆற்று நடுவில், கோடையில் தலைநீட்டும் மணல்திட்டுக்கு அடியில் இருந்தது. அங்கே ஆழம் அளந்து காட்டினால்தான் நம்புவார்கள். மணல்திட்டில் யாரும் நடக்கக்கூடாது, தட்டைப் படகில் நின்றுதான் அளக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதியவனும் நானே. ஆனால் படகு தரைதட்டிக் கிடந்தது. கடல் ஏறி, ஆற்றில் தண்ணீர் உயர்ந்தால்தான் அது மிதக்கும். அதற்குச் சாயங்காலம் ஆகிவிடும்.

பத்ரத்தைக் கூப்பிட்டு நடந்து போய் அளக்கச் சொன்னேன்.

அவன் உடனே போய்விடவில்லை. இதை நியாயமாகச் சொல்ல வேண்டும். முந்தின சாயங்காலம் திட்டின் ஓரத்தில் சாம்பல் நிறக் குழம்பு கொப்புளித்ததை அவன் பார்த்திருந்தான். அந்த இடத்தில் ஒரு குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிட்டு வந்திருந்தான். யாரும் கால் வைக்கக்கூடாது என்பதற்காக.

"பாவா, அந்த எடம் நேத்து அல்வா மாதிரி ஆடுச்சு" என்றான்.

"காலையில நானே போய்ப் பாத்தேன். இறுகிடுச்சு" என்றேன்.

கரையிலிருந்து கையை நெற்றிக்கு வைத்துப் பார்த்தான். "என் கொடியக் காணோம்?"

"நான்தான் எடுத்துட்டேன். இனிமே எதுக்கு?"

"நீ பாத்துட்டேன்னா சரி" என்று கருவியை மார்பில் மாட்டிக்கொண்டான். பிறகு பந்தல் பக்கம் கண்ணைக் காட்டி, "வந்தவங்களுக்கு மதியம் சாப்பாடு நம்ம வீட்லயா? அக்கா புது ஆவக்காயத் தொறக்க மாட்டா. இப்பவே சொல்லிட்டேன்" என்றான். சிறிய படகில் அவனைத் திட்டில் இறக்கிவிட்டுப் படகுக்காரன் திரும்பி வந்துவிட்டான். படகுக்காரனை அங்கே நிற்க வேண்டாம் என்று சொன்னது நான். எந்திரத்துக்கு டீசல் கொண்டுவர அந்தப் படகு தேவைப்பட்டது.

அடுத்து நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். காலையில் நான் உண்மையிலேயே போய்ப் பார்த்தேனா? பார்த்தேன். பொய் சொல்லவில்லை. பொழுது விடிந்ததும், கரையில் எந்திரத்துக்குப் பக்கத்தில் வெட்டிய குழிக்குத் திரும்பி வர வேண்டிய குழம்பு குறைந்திருப்பதைக் கவனித்தேன். குழம்பு குழிக்கு வரவில்லை என்றால் வேறு எங்கோ மேலே ஏறுகிறது என்று அர்த்தம். தனியாகச் சிறிய படகை எடுத்துக்கொண்டு திட்டுக்குப் போனேன். பத்ரத்தின் கொடிக்குப் பக்கத்தில் ஒரு மூங்கிலைக் குத்திப் பார்த்தேன். நான் அழுத்தவே இல்லை. அதுவாக இறங்கியது. கையில் பிடித்திருந்த இடம் வரை போய்விட்டது. மேலே காய்ந்து வெள்ளையாக இருந்தது. அடியில் தயிர்.

மூங்கிலை உருவி எடுத்தேன். துளையைக் காலால் தள்ளி மூடினேன். கொடி கரையிலிருந்து நன்றாகத் தெரிந்தது. வருகிறவர்கள் அது என்ன என்று கேட்பார்கள். ஒரு சிவப்புத் துணிக்காக ஒரு மாவட்டத்தின் பாதுகாப்பை விட்டுக்கொடுக்க முடியாது. எடுத்துவிட்டேன்.

மணல்திட்டு முழுவதும் அப்படி இல்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். கெட்டியான இடமும் இருந்தது. அவன் அந்தப் பக்கமாகவே நடந்துவிடுவான் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமை இருந்தது. நுனி மட்டும் அந்த இளகிய ஓரத்துக்கு நேர் கீழே இருந்தது. அது என் கையில் இல்லை.

நான் கரையோரம் வாக்கி-டாக்கியுடன் நின்றேன். பந்தலுக்கு நேராகத் திட்டின் கெட்டியான பக்கத்தில் நாணல் உயரமாக நின்றதால் வந்தவர்களுக்கு அவன் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தான். பம்பை இயக்கியது லோவராஜு. எந்திரச் சத்தத்தில் அவனுக்குக் காது கேட்காது. எதுவானாலும் என் கையைப் பார்த்துத்தான் செய்வான். கட்டை விரலைத் தூக்கினால் ஓட்டு. கையைக் குறுக்கே வீசினால் நிறுத்து.

சைகை வருகிறது, இன்னும் கொஞ்சம் ஓரமாகப் போக வேண்டும் என்று பத்ரம் சொன்னான். போனான். பிறகு முழங்கால் வரை இறங்கினான். அவன் சிரித்தது வாக்கி-டாக்கியில் கேட்டது. "பாவா, இறுகிடுச்சுன்ன. கடன்காரன் மாதிரி காலப் புடிக்குது" என்றான். காலை இழுத்தான். இன்னொரு கால் போனது. அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

"பம்ப நிறுத்து பாவா."

அவன் சொன்னது சரி. அடியிலிருந்து அழுத்தத்தோடு ஏறுகிற குழம்புதான் மணலை இளக்கிக்கொண்டிருந்தது. பம்ப் நின்றால் கொஞ்ச நேரத்தில் மணல் உட்கார்ந்துவிடும். மாட்டிக்கொள்வான். மூழ்கமாட்டான். படகை அனுப்பிப் பலகை போட்டு எடுத்திருக்கலாம். இதையெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பம்ப் நின்றால் துளை மூடிவிடும். ராடு மூன்றாவது தடவையாகச் சிக்கும். பந்தலில் இருந்தவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். அடுத்த கோடையில் வாய்க்கால் வெட்டுவார்கள். பிறகு ஒரு வெள்ளம், ஒரு விடிகாலை, இன்னொரு பெண் பால் காய்ச்சுவாள். அந்தப் பெண்ணுக்காக யாராவது நிற்க வேண்டும் அல்லவா? அன்று நான் நின்றேன்.

"ஆழம் எவ்வளவு?" என்று கேட்டேன்.

"பாவா, இடுப்பு வரைக்கும் போயிட்டேன். நிறுத்தச் சொல்லு."

"ஆழத்தச் சொல்லு. சொன்ன ஒடனே நிறுத்தறேன்."

அவன் அங்கே ஏதோ செய்துகொண்டிருந்தான். உடம்பை முறுக்கினான். கையிலிருந்து ஏதோ ஒன்று பறந்து நாணல் பக்கம் விழுந்தது. தொப்பி என்று நினைத்தேன். பிறகு அவன் குரல் வந்தது. ரொம்பப் பணிவாக இருந்தது. அவனை நான் அப்படிக் கேட்டதில்லை.

"பதினாலு. பதினாலு மீட்டர் சார். நிறுத்துங்க."

சார் என்றான். அதையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் எப்படியும் வேறு யாரிடமிருந்தும் கேட்கப்போவதில்லை. அந்த அலைவரிசையில் என்னைத் தவிர யாரும் இல்லை.

லோவராஜு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். நாணலுக்கு மேலே அவனுக்கு என்ன தெரிந்ததோ, முகத்தில் ஒரு கேள்வி இருந்தது. நான் கட்டை விரலைத் தூக்கினேன். அவன் பம்பை ஓட்டினான். அவன்மேல் எந்தத் தப்பும் இல்லை. அவனை இன்னும் உள்ளே வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். விட்டுவிடுங்கள். விரல் என்னுடையது.

நான் பந்தலுக்குப் போய் ஆழம் பதினாலு மீட்டர் என்று சொன்னேன். மூவரும் கைகுலுக்கினார்கள். அவர்கள் கைகுலுக்கிக்கொண்டிருந்தபோது திட்டின் அந்த ஓரம் அப்படியே சரிந்து ஆற்றுக்குள் இறங்கியது. பெரிய சத்தம் எதுவும் இல்லை. கரை இடிந்து விழுகிற சத்தம் கோதாவரிக்காரர்களுக்குப் பழக்கம்தான். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாக்கி-டாக்கியை நான் ஏற்கெனவே அணைத்திருந்தேன். அதிகாரிகள் முன்னால் அது கரகரத்துக்கொண்டிருப்பது அழகில்லை.

நுனி அக்கரையில் வெளியே வந்தது. குறித்த இடத்திலிருந்து ஒரு முழம்கூடத் தள்ளி இல்லை. சோதனை வெற்றி என்று அவர்கள் சொல்லிவிட்டுக் காரில் ஏறிய பிறகுதான் ஆளைக் காணோம் என்று கத்தினேன். நன்றாகவே கத்தினேன். படகுகள் போயின. உடம்பு கிடைத்தபோது கடல் ஏறி முடிந்திருந்தது.

மங்கதாயாரு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். காரியங்கள் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, தம்பியின் சேவலுக்குத் தீனி வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அவன் உன்னக் கூப்ட்டானா?"

கூப்பிட்டான், வேலையை முடித்துவிட்டுத்தான் போனான், கடைசி மூச்சில்கூட ஆழத்தைச் சொன்னான் என்றேன். அவளுக்குப் பெருமையாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் கையிலிருந்த பாதாமைச் சேவலுக்குப் போட்டுவிட்டு உள்ளே போய்த் தன் துணிகளை எடுத்துக்கொண்டாள். இப்போது அவளுடைய அம்மா வீட்டில் இருக்கிறாள். உங்களிடம் வந்து பேசியதும் அவள்தான் என்று தெரியும். அதில் எனக்கு வருத்தம் இல்லை. பெண்கள் ஒரு வீட்டைப் பார்ப்பார்கள். நான் ஊர்களைப் பார்க்க வேண்டியிருந்தது.

ஆக, நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியது இதுதான். மணல் இளகியிருந்தது எனக்குத் தெரியும். கொடியை எடுத்தது நான். அவனை அனுப்பியது நான். நிறுத்துகிறேன் என்று சொல்லிவிட்டு நிறுத்தாதது நான். திரும்ப அந்தக் கரையில் நிறுத்தினாலும் அதையேதான் செய்வேன். பதினாலு மீட்டர் ஆழத்தில் ஒரு துளை கோதாவரி மணலில் நிற்கிறது. அதற்கு ஒரு உயிர் அதிக விலை என்று ஜக்கம்பாலெத்தில் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

நீங்கள் காட்டுகிற அளவை நான் ஏற்கமாட்டேன். உங்கள் ஆட்கள் போன வாரம் துளையில் விட்டுவைத்திருக்கும் ராடுகளுக்குள்ளே கருவி விட்டுப் பார்த்தார்களாம். திட்டுக்கு அடியில் துளை மேல்நோக்கி ஏறிவிட்டதாம். ஆறு மீட்டர்கூட இல்லையாம். அதனால்தான் குழம்பு அவ்வளவு சுலபமாக மேலே உடைத்துக்கொண்டு வந்தது, முதல் பெரிய வெள்ளத்திலேயே குழாய் வெளியே வந்துவிடும் என்கிறீர்கள். உங்கள் கருவி பழுதாக இருக்கும். மணல் பிறகு நகர்ந்திருக்கும். ஆயிரம் காரணம் இருக்கலாம்.

பத்ரத்தின் கருவி நாணலுக்குள் கிடைத்தது, நனையக்கூட இல்லை, பாரம் குறைய முதலில் அதைத்தான் கழற்றி எறிந்திருக்கிறான், எண்ணைச் சொன்னபோது அவன் கையில் எதுவுமே இல்லை, நான் கேட்க விரும்பியதைத்தான் அவன் சொன்னான் என்கிறீர்கள். நீங்கள் அவனைப் பார்த்தது இல்லை. எறிவதற்கு முன்னால் பார்த்திருப்பான். படித்துவிட்டுத்தான் எறிந்திருப்பான்.

உயிர் போகிற நேரத்தில் எந்த மனிதன் பொய் சொல்லுவான்? அதுவும் என்னிடம். அவன் என்னிடம் பொய் சொல்லமாட்டான், நானும் அவனிடம் சொன்னதில்லை.